தொடாத கை

மேலூரில் பஸ் நிற்குமிடத்தில் கேள்விப்பட்டேன். மதுரையிலிருந்து வந்து இறங்கிய ஒருவர் சொன்னார்: "ஒங்க காதர் ராவுத்தர் மவுத்தாயிட்டாரு தம்பி. விடியக்காலைல." அதே பஸ்ஸில் திரும்பினேன். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மண் ஈரமாக இருந்தது.

அவருடைய தகரக் கடையில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் அவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, நாம் கேட்டோம். பிறகு நாம் வாசிக்க, அவர் கேட்டார். இடையில் நடந்ததாக நீங்கள் அறிந்திருப்பது உண்மையல்ல.

ராவுத்தருக்கு வலக்கண்ணில் புரை. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்து, இரண்டு கண்களையும் கட்டி, அசையாமல் படுக்கவைத்திருந்தார்கள். கட்டுக்குள் எரிச்சல். பார்க்க வந்த ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, மனம் பொறுக்காமல் கட்டைத் தளர்த்தித் தன் பாலைச் சில துளிகள் விட்டாள். நம் பக்கத்தில் எந்தத் தாயும் செய்வதுதான். மாலையில் நான் போனபோது சிரித்தார். "குளுகுளுன்னு இருக்கு தம்பி. தாடி நரைச்ச பெறகு எனக்குத் தாய்ப்பாலு!"

பின்பு இமை வீங்கியது. சீழ் வைத்தது. கட்டை அவிழ்த்துப் பார்த்த டாக்டர் கத்தினார். "யார் இதைத் தொட்டது?"

"நாந்தேன். அரிப்புத் தாங்கல. கையை விட்டுத் தேச்சுப்புட்டேன்."

அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். இடக்கண்ணும் புரை விழுந்து மங்கிக்கொண்டு வந்தது. சொன்ன பேச்சுக் கேட்காதவரின் கண்ணில் மறுபடி கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உள்ளதச் சொல்லிருங்க பாய். இந்தக் கண்ணாச்சும் மிஞ்சும்."

"சொன்னா வார்டே அதிரக் கத்துவாரு. அது அவ காதுக்குப் போகாதா? அப்புறம் அந்தப் புள்ளைக்கு எந்த மனசோட பால் குடுப்பா?"

சீழ் பாலால்தான் வந்ததா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. நிச்சயமில்லாத ஒன்று அவள்மேல் விழக்கூடாது என்று, இருந்த கண்ணையும் விட்டார்.

நாம் செய்த கேலி நினைவிருக்கும். டீ கிளாஸை நீட்டும்போதெல்லாம் யாராவது கேட்போம். "அண்ணே, கையக் கட்டிப் போட்ரவா?"

"கட்டு மாப்ள. கழுதக் கையி, சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியாமல் சிரிப்பார்.

அந்தப் பெண் மலேயாவுக்குக் கப்பலேறுமுன் விடைபெற வந்தாள். நான் கடையில் இருந்தேன். தன் குரல் வந்த திசையில் இல்லாமல் அவர் வேறெங்கோ பார்ப்பதைக் கண்டு அழுதாள். பிறகு கோபம். "பாவி மனுசா, அம்புட்டுப் பேரு சொல்லியும் கையச் சும்மா வச்சிருந்தியா? என் பாலுல எரிச்சல் அடங்கித்தான இருந்துச்சு?"

"அடங்கிருச்சு தாயி. நாந்தேன் கெடுத்துக்கிட்டேன்." கை நீட்டித் தடவி, குழந்தையின் தலையைக் கண்டுபிடித்தார். "நல்லாக் குடிக்கிறானா?"

"குடிக்கிறான்" என்றாள்.

அவள் இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை. அவளுக்குச் சொல்லி அனுப்ப இங்கே யாரும் இல்லை. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். அந்தக் கை கண்ணைத் தொடவே இல்லை.

அவள் யார் என்று என்னைப் பார்க்கும்போது கேட்பீர்கள். ராவுத்தர் என்னிடம் விட்டுப்போனது அந்தப் பெயர் ஒன்றுதான். அது என்னிடமே இருக்கட்டும்.