தீவு நாட்டுக்கு ஒரு சங்கு

மேடைக்குப் பின்னால் கேபிள் இழுப்பவனுக்கு எல்லா நாடும் ஒன்றுதான், பாட்டு ட்ராக் தடங்கலில்லாமல் ஓடினால் போதும். துபாயின் அல் கூஸ் பகுதியில் சவுண்டும் லைட்டும் வாடகைக்கு விடும் கம்பெனியில் பதினோரு வருடமாக ஆடியோ டெக்னீஷியனாக இருக்கும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு துபாயில் நடந்த ஒரு சர்வதேசப் பாட்டுப் போட்டிக்கு எங்களை அனுப்பினார்கள். சின்னச் சின்ன நாடுகளுக்கு மட்டுமான போட்டி. நாடு என்றால் என்ன என்று எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் அந்த ஒரு வாரத்தில் போய்விட்டது. கறுப்பு டி-சர்ட் போட்டு மேடைக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

கைப்பைக் கொடி

என்னோடு வேலை பார்ப்பவன் முருகேசன், ராமநாதபுரம் பக்கம். மேடைச் சாமான்கள் அவன் பொறுப்பு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அந்த நாட்டுக் கொடியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒத்திகையின் முதல் நாளே, பசிபிக் கடலில் இருக்கும் ஒரு தீவு நாட்டுக்குப் பக்கத்துத் தீவின் கொடியை வைத்துவிட்டான். இரண்டும் நீலம், இரண்டிலும் நட்சத்திரங்கள்.

அந்தக் குழுவின் தலைவி வயதான பள்ளிக்கூட டீச்சர். கிழி கிழி என்று கிழிக்கப்போகிறார் என்று பயந்தேன். அவரோ கைப்பையைத் திறந்து சரியான கொடியை எடுத்துக் கொடுத்தார். வெளிநாட்டுக் கூட்டம் எதற்குப் போனாலும் இப்படித்தான் மாற்றி வைக்கிறார்களாம், அதனால் கையோடு ஒன்று வைத்திருப்பாராம். முருகேசன் இரண்டு கொடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தான். “ரெண்டு நட்சத்திரம் கூடக் குறைய இருக்கு, அதுக்கு ஒரு தனி நாடாண்ணே?”

ஆறு பேர்

அடுத்து மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு குட்டி நாடு. பாட்டு ஆங்கிலத்தில். மெட்டுப் போட்டவர் வேறு நாட்டுக்காரர். பின்னால் ஆடிய பெண்கள் துபாயிலேயே இருக்கும் பிலிப்பினோக்கள். உடை இங்கே சத்வா கடைத்தெருவில் ஒரு பாகிஸ்தானி தைத்தது. பாடகருக்கு மைக் மாட்டும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை, இதில் உங்கள் நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஊரில் தீயணைப்பு வண்டி ஓட்டுபவர். கோபப்படவில்லை. மேடையில் ஆறு பேர் வரை நிற்கலாம், பாடுகிறவர் தவிர மற்றவர்கள் யாராகவும் இருக்கலாம், விதி அப்படி என்றார். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அதற்குப் பிறகு அவர் சொன்ன காரணமே போதும். “எங்க ஊர்ல ஆடத் தெரிஞ்சவங்க இருக்காங்க, யாருக்கும் லீவு கிடைக்கல.”

தொலைந்த பெட்டி

தீவு நாட்டிலிருந்து வந்தது மொத்தமே இரண்டு பேர். பாடுகிற லேயா, அவளுடைய அத்தையான அந்தக் கொடி டீச்சர். லேயாவின் பாட்டு சங்கொலியில் தொடங்கிச் சங்கொலியில் முடியும். அந்தச் சங்கு இருந்த பெட்டி, விமானம் மாறிய இடத்தில் வேறெங்கோ போய்விட்டது. அவர்கள் நாடு இப்படி ஒரு மேடைக்கு வருவது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூட மண்டபத்தில் திரை கட்டி ஊரே பார்க்கக் காத்திருக்கிறது என்று சொன்ன டீச்சர், என் மிக்ஸர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

லாப்டாப்பில் இருந்த சங்குச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். வேண்டாம் என்றார். கடலுக்குப் போன படகு திரும்பும்போது, வந்துவிட்டோம் என்று படகிலிருப்பவர் ஊதுவது அது, மனிதர்தான் ஊத வேண்டும் என்றார். எனக்குத் தலை சுற்றியது. நான் சங்கு குளிக்கிற தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கம் சங்குச் சத்தம் கேட்டால், போனது யார் என்றுதான் விசாரிப்போம். டீச்சர் சொன்னதை முருகேசனிடம் தமிழில் சொன்னேன். சுருட்டிய கேபிளைக் கீழே போட்டுவிட்டான். “அங்க ஊதுனா ஆளு வந்துட்டான்னு அர்த்தமாண்ணே?”

துண்டுக்குள் இருந்தது

மறுநாள் காலை முருகேசன் துண்டில் சுற்றி ஒரு சங்கு கொண்டுவந்தான். தொழிலாளர் கேம்பில் பூஜைக்கு வைத்திருக்கும் யாரிடமோ இரவல் வாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். லேயா அரைமணி நேரம் முயன்றாள், வெறும் காற்றுதான் வந்தது. அவர்கள் சங்குக்குத் துளை பக்கவாட்டில், நம்முடையதற்கு நுனியில். ஸ்டேஜ் மேனேஜர் யல்லா, யல்லா என்று விரட்ட ஆரம்பித்ததும், முருகேசன் அதை வாங்கி ஊதினான். சத்தம் எல்லை மீறி என் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிந்தது. டீச்சர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறு பேர் நிற்கலாமே, நீ வா என்றார்.

முடியாது என்றுவிட்டான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தச் சங்கு, செத்துப்போன அவன் அப்பாவுடையது. சாவு வீடுகளில் ஊதுவது அவர் தொழில், எந்த வீட்டிலும் வாசலுக்கு வெளியேதான் நிறுத்துவார்களாம். ஏழு வருடமாகக் கேம்பில் ஒருவருக்கும் தெரியாமல் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறான். ரூமில் அவன் ஊர்ப்பக்கத்துக்காரர்கள் மூன்று பேர். தெரிந்தால் அவன் தொட்ட தண்ணீர்க் குடத்தைத் தொடமாட்டார்களோ என்று பயம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் அப்படி வெளியே நின்று ஊதியவர் முகத்தை நானும் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. வேண்டாமென்றால் விட்டுவிடு என்றேன். அவன் டீச்சர் பக்கம் திரும்பிப் பார்த்தான். “ஊதுறேண்ணே. மூஞ்சியில மட்டும் லைட்டு அடிக்கச் சொல்லாதீங்க.”

இரண்டடி முன்னால்

லைட் போடுபவரிடம் சொல்லிவைத்தேன். இறுதிப்போட்டியில் டீச்சர் கொடுத்த பூப்போட்ட சட்டையில், மேடையின் இருட்டு மூலையில் நின்று முருகேசன் ஊதினான். லேயா பாடினாள். கடைசிச் சங்குக்கு அவன் நின்ற இடத்தைப் பார்க்கிறேன், ஆளைக் காணோம். இரண்டடி முன்னால் வந்து, லேயாவின் வெளிச்சத்துக்குள்ளேயே நின்று ஊதிக்கொண்டிருந்தான். லைட்காரர் என்னைப் பார்த்தார். அப்படியே விடுங்கள் என்று கையைக் காட்டினேன்.

இறங்கி வந்தவனிடம், ரூமில் டிவியில் பார்த்திருப்பார்களே, என்னடே செய்யப்போகிறாய் என்று கேட்டேன். அவன் சங்கைத் துடைத்தான். இந்தத் தடவை துண்டில் சுற்றவில்லை. “பாக்கட்டும்ணே. எங்கப்பாவ ஒரு வீட்டுலயும் உள்ள கூப்பிட்டதில்ல, இந்தம்மா என்னைய அவங்க நாட்டுக்கே கூப்பிடுது.”

தீவு நாடு கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தது, அதன் தேசியக் கலைஞர் மறுநாள் காலை ஏழு மணிக்கு டியூட்டிச் சட்டையில் என்னோடு கேபிள் சுருட்டினார், நாடு என்றால் என்னவென்று எனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை.