சுண்டுவிரலும் வாசல் கதவும்

அந்த வகையறாவில் பிறந்தவர்களுக்குக் காலின் சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். பெரியவருக்கு அப்படி, அவர் கூடப் பிறந்த சின்னவருக்கு அப்படி. சின்னவருடைய இரண்டாவது மகள், கண்ணாடிக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாளே, அவளுக்கு ஒரு படி மேலே, எந்தச் செருப்பும் சேராது. பெரியவருடைய மகன் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். அவனுக்கும் அதே விரல். அவனுடைய இரண்டு வயது மகளுக்கும் அதே விரல், பட்டாணி அளவில். அதைப் பார்த்துத்தான் அவளுக்குச் சுண்டெலி என்று பேர் வைத்தார்கள்.

இந்த விரலோடு பிறந்தவர்கள் கட்டில் காலில் இடித்துக்கொள்ளாமல் ஒரு வாரத்தைக் கடத்தியதில்லை. இடித்ததும் வாயில் தானாக வருவது “அம்மா!” என்பதுதான். மீசை வைத்தவனுக்கும் அதுதான் வரும். பஞ்சர் கடைக்காரன் கத்தினால், சமையலறையிலிருந்து அவன் பெண்டாட்டி ஈரக் கையோடு ஓடி வருவாள். குளிர்ந்த உள்ளங்கையை விரல்மேல் வைத்து அழுத்திக்கொண்டே சிரிப்பாள். சுண்டெலி விழுந்து “அம்மா!” என்றாலும் அதே ஓட்டம், அதே ஈரக் கை. ஆகவே அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். யாருக்கு வலித்தாலும் சரி, அந்தச் சொல்லைச் சொன்னால் அம்மா வருவாள்.

பெண்டாட்டி ஆறு மாதப் பயிற்சிக்குப் போனாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான பயிற்சி. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரம், நடுவில் லீவு கிடையாது. “இப்ப விட்டா எப்பவும் முடியாது, போயிட்டு வா” என்று பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவன் அவனேதான்.

கடை மூடியதும் அக்கா வீட்டிலிருந்து மகளைத் தூக்கி வருவான். ஊட்டிவிடுவது சுலபம். தூங்க வைப்பதுதான் பெரும்பாடு. தண்ணீர் வேண்டும். குடித்ததும் பொம்மைக்குத் தண்ணீர் வேண்டும். பொம்மைக்கு மூச்சா வரும். போர்வை திருப்பிப் போட்டிருக்கிறது என்பாள், அது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிற போர்வை. முதல் வாரம் ஒரு நாள், ஒரு வழியாகக் கண் சொருகிவிட்டது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தான். கட்டில் கால் காத்திருந்தது.

“அம்மா!”

சுண்டெலி எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலிலிருந்து சறுக்கி இறங்கினாள். குடுகுடுவென்று ஓடி, சமையலறையை எட்டிப் பார்த்தாள். அங்கே இல்லையென்றதும் வாசல் கதவைப் பிடித்து இழுத்தாள். வெளியே படிக்கட்டு, ஒரு விளக்கு, யாரோ கழற்றிப் போட்ட செருப்பு.

“இல்ல,” என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதன்பின் அவள் தூங்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அடுத்த வாரமும் இரண்டு முறை இதே கதை. அக்காவிடம் சொன்னான்.

“ஏன்டா, உன் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? ‘அப்பா’ன்னு கத்திட்டுப் போயேன்.”

“வலி நின்னப்பறம்தான்க்கா அப்பா வர்றாரு. அப்பாடான்னு.”

“அப்ப ‘அக்கா’ன்னு கத்து. பக்கத்துத் தெருதானே, நானாச்சும் வர்றேன்.”

அவள் கேலிக்குச் சொன்னாள். அவன் பிடித்துக்கொண்டான். கடையில் டயரை நெம்பும் கம்பி வழுக்கி முட்டியில் பட்டால், “அ...க்கா!” என்று மாற்றிக் கத்திப் பழகினான். வண்டிக்காரர்கள், “என்னப்பா, அக்கா சாப்பாடு கொண்டு வரலியா?” என்று கேட்டார்கள். ஒரு மாதத்தில் வாய் பழகிவிட்டது.

மகளுக்குக் காயத்துக்கு ஒன்றும் குறைவில்லை. முழங்கை சிராய்க்கும், முட்டி தேயும். டியூபில் ஓட்டை பார்ப்பதுபோல முழங்கையை வாளித் தண்ணீரில் அமுக்கி, “குமிழி வரலையே, பஞ்சர் இல்லம்மா, காத்து அப்படியே இருக்கு” என்பான். அழுகை சிரிப்பாகும். ஆனாலும் விழுந்த உடனே அவள் கூப்பிடுவது அம்மாவைத்தான், பார்ப்பது வாசலைத்தான்.

நாலாவது மாதம், முக்காலியிலிருந்து விழுந்தாள். நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம்.

“அப்பா!”

வாரி எடுத்தான். அந்த நிமிடம் அவனுக்குத் தித்திப்பாகத்தான் இருந்தது. ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியில் வைப்பதற்குள் அந்தத் தித்திப்பு இறங்கிவிட்டது. பிள்ளை வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

தினமும் போனில் பெண்டாட்டி கேட்பாள்: “விழுந்தாளா? விழுந்தப்ப யாரைக் கூப்பிட்டா?”

“உன்னைத்தான்.”

மூன்று மாதம் வரை அது உண்மை. அதற்குப் பிறகும் அதே பதில்தான். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய்ச் சும்மா நிற்பான். அவன் காலை இடித்துக்கொண்டாலும் இப்போது யாரும் ஓடி வருவதில்லை. அக்கா என்று கத்துகிறவனுக்கு ஈரக் கை எங்கிருந்து வரும்?

ஆறு மாதம் முடிந்து ஒரு சாயங்காலம் அவள் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள், முடியை வெட்டியிருந்தாள். சுண்டெலி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கொண்டு வந்த பொம்மையை வாங்கிக்கொண்டு மறுபடி காலுக்குப் பின்னால் போய்விட்டாள். போனில் கேட்ட குரலுக்கும் இந்த முகத்துக்கும் அவளுக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை.

படுக்கிற நேரம் பெண்டாட்டி மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நீ போ. அப்பா வேணும்,” என்றாள் சுண்டெலி.

பெண்டாட்டி அவனைப் பார்த்தாள். “உண்மையைச் சொல்லுங்க. விழுந்தப்ப யாரைக் கூப்பிட்டா?”

அவன் போர்வையை மடித்தான், பிரித்தான். அவளுக்கு அது போதும். எழுந்து சமையலறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். அழுகையை அடக்க முடியாமல் வாசலுக்கு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுண்டெலிக்குக் கண் சொருகியது. அவன் எழுந்தான். மூச்சை அடக்கவில்லை, விரல் நுனியில் நடக்கவுமில்லை.

“அம்மா!”

சுண்டெலி எழுந்து உட்கார்ந்தாள். சறுக்கி இறங்கினாள். சமையலறையை எட்டிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் வாசல் கதவை இரண்டு கையாலும் இழுத்தாள்.

விளக்கு வெளிச்சத்தில் ஒருத்தி ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தாள், அண்ணாந்து முகத்தைப் பார்த்தாள். திரும்பி உள்ளே பார்த்து, “அப்பா, அம்மா வந்துட்டா,” என்றாள், ஆறு மாதமாகக் கூப்பிட்டது இப்போதுதான் காதில் விழுந்ததுபோல. அந்த ஈர விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அவன் காலடியில் உட்கார வைத்தாள்.

குளிர்ந்த உள்ளங்கை சுண்டுவிரல்மேல் பட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“வேணும்னே இடிச்சீங்களா?” பெண்டாட்டிக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

“கட்டிலைக் கேளு.”

மறுநாள் விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அப்படி ஒரு இடி அந்த வகையறாவில் யாரும் இடித்ததில்லை. ஒரு காலில் செருப்பில்லாமல் கடையில் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, வண்டிக்காரர்கள் அக்காவை விசாரித்தார்கள்.