வெள்ளைக் காரில் விழுந்த நீலம்

போன வாரம் பெரியகுளத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்துக்கு எதிரே ஒரு கடை ஷட்டருக்குக் கம்ப்ரசர் வைத்துப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்கத் தின்னர் வாசனை. சாப்பிட்டுவிட்டு வந்து என் கார் பானட்டில் கை வைத்தால், ரவையைத் தூவிவிட்டதுபோல் சொரசொரவென்றிருந்தது. வேறு யாராவது என்றால் சண்டைக்குப் போயிருப்பார்கள். நான் தாம்பூலப் பையிலிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு காரைத் தடவ ஆரம்பித்தேன். வெறுங்கையைவிட உறை போட்ட கைக்குத்தான் அந்தச் சொரசொரப்பு நன்றாகப் பிடிபடும்.

"என்ன, காருக்கு நாடி பாக்குறீகளா?" என்றாள் மனைவி.

ஒருவகையில் அதுதான் என் முதல் உத்தியோகம். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு, பெரிய கம்பெனி எதுவும் என்னைத் தேடி வராததால், தேனியில் போடி ரோட்டில் இருந்த ஒரு கார் டீட்டெய்லிங் கடையில் சேர்ந்தேன். வீட்டில் அதைக் கார் கழுவுகிற வேலை என்றார்கள். இல்லை என்று விளக்கப் போய், கழுவுவதைத்தான் விவரமாகச் சொல்லியிருக்கிறேன் என்று பாதியில் எனக்கே தெரிந்துவிடும். கடைக்காரர் பிஜு அண்ணன். குமுளிக்காரர், கோட்டயத்தில் தொழில் படித்தவர். ஆண்கள் எல்லோரும் அவருக்குச் சாரே, பெண்கள் எல்லோரும் மோளே, அதாவது மகளே.

தின்னர் வாசனை என்றாலே எனக்கு ஏலக்காய் வாசனையும் கூடவே வந்துவிடும். காரணம் தேவசகாயம் ஐயாவின் வெள்ளைக் கார். போடியில் ஏலக்காய் வியாபாரம். காருக்குள் உட்கார்ந்தால் பாயசத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அடுத்த வீடு அவருடைய தம்பி தங்கராஜுடையது. தகப்பனார் விட்டுப்போன இடத்தில் சுவர் எங்கே வருவது என்பதில் ஆரம்பித்து, இருவரும் பேச்சை நிறுத்தி வெகுகாலம். ஒரு ஆடி மாதம் தங்கராஜ் தன் இரும்புக் கேட்டுக்கு நீலப் பெயிண்ட் ஸ்பிரே அடிக்க ஆள் விட்டார். ஆடிக் காற்று எங்கள் பள்ளத்தாக்கில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயிண்டில் பாதி கேட்டில் ஒட்டியது, பாதி சுவரைத் தாண்டி அண்ணன் கார்மேல் போய் உட்கார்ந்தது.

வேண்டுமென்றே செய்தான் என்று தேவசகாயம் ஐயா நம்பினார். உடனே கொண்டுவந்திருந்தால் எளிதாகப் போயிருக்கும். அவர் துடைக்கவே விடவில்லை. நீலப் புள்ளி போட்ட அந்தக் காரிலேயே கடைக்குப் போனார், சர்ச்சுக்குப் போனார், கேட்டவர்களுக்கெல்லாம் நிறுத்திக் காட்டினார். வெயிலில் காய்ந்து காய்ந்து பெயிண்ட் கெட்டிப்பட்டது. கிறிஸ்துமஸும் கடந்துபோனது.

அதன் பிறகு ஒரு நாள் அவருடைய மகள் எஸ்தர் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். தேனியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"இதைப் பூராம் எடுத்துருங்கண்ணே. அப்பாட்ட சர்வீசுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

பிஜு அண்ணன் தயங்கினார். "ஓனர் சொல்லாம எப்படி மோளே?"

"வையிறதை நான் வாங்கிக்கிறேன். எனக்கு இருக்கறது ஒரே சித்தப்பா. இந்த வண்டி வாசல்ல நின்னா அவுக எப்படிண்ணே கல்யாணத்துக்கு வருவாக?"

பிஜு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஹோஸ் பைப்பை எடுத்தேன்.

கழுவி முடித்ததும் க்ளே என்று ஒன்றை எடுப்போம். பிள்ளைகள் விளையாடும் களிமண் மாதிரி இருக்கும். ஷாம்பூ தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அதை அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் நின்றால் புள்ளி போய்விட்டது என்று அர்த்தம். நீலம் ஏறிய பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து மறுபடி ஓட்ட வேண்டும். கீழே விழுந்தால் தூர எறிந்துவிட வேண்டும். ஒட்டின மண் காரைக் கீறிவிடும். க்ளேவுக்கு மசியாத புள்ளிகளுக்கு மெஷினில் பாலிஷ், கண்ணாடிக்கு பிளேடு. அவசரப்பட்டுத் தின்னரைத் தொட்டால் நீலத்தோடு வெள்ளையும் போய்விடும். எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

பானட்டும் இடது பக்கமும் முடிந்திருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தேவசகாயம் ஐயா இறங்கினார். யாரோ காரைப் பார்த்துவிட்டுப் போன் செய்திருக்கிறார்கள்.

"யாரைக் கேட்டுத் தொட்டீக?"

எஸ்தர் எழுந்து நின்றார். "நான்தான்ப்பா சொன்னேன்."

"அது சாட்சி ஆத்தா."

"யாருக்குக் காட்டப்போறீக? என் கல்யாணத்துக்கு வர்றவுகளுக்கா?"

பிஜு அண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "நிறுத்தணும்னா நிறுத்திடலாம் சாரே. வலது பக்கம் சாட்சி அப்படியே உண்டு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

ஐயா காரைச் சுற்றி வந்தார். சுத்தமான பக்கத்தைத் தடவினார். மறு பக்கம் போய் அதையும் தடவினார். எனக்கு ஒரே யோசனைதான்: இந்த வேலையும் போச்சு.

"பாதி நீலத்தோட எப்படிய்யா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது" என்றார் கடைசியில். "மிச்சத்தையும் எடுங்க."

மகள் இழுத்துப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் வலது பக்கக் கதவை ஆரம்பித்தோம். கரகரப்பு அடங்கின ஒரு நேரத்தில், யாரிடமும் இல்லாமல், "காத்து செஞ்சதாவும் இருக்கும்" என்றார். எஸ்தர் தலை நிமிராமல் விடைத்தாளைத் திருப்பினார்.

கல்யாணத்துக்குப் பிறகு எஸ்தர் கார் கழுவ வந்தபோது, சித்தப்பா வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தாக. போட்டோல ஓரமா நின்னாக. அப்பா போயி, சாப்பிட்டியான்னு கேட்டாக. சித்தப்பா 'ம்'ன்னாக."

"அவ்வளவுதானா?"

"எங்க வீட்டுக்கு அது ரொம்பண்ணே."

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை. பிஜு அண்ணன் ஊரோடு போய்விட்டார். நான் காப்பீட்டு ஆபீசுக்கு மாறி, அடிபட்ட கார்களைப் போட்டோ எடுக்கிறேன். எஸ்தர் கணவரோடு வெளிநாட்டில். தேவசகாயம் ஐயா காலமாகிவிட்டார் என்று யாரோ சொல்லித்தான் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வேலையாகப் போடிக்குப் போனவன், அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தி வீட்டைத் தேடினேன். நீலம் மங்கிய ஒரு கேட்டருகே வயதானவர் நின்றிருந்தார். தேவசகாயம் ஐயா வீடு எது என்று கேட்டேன்.

"அண்ணன் வீடா?" என்றதில்தான் அவர் தங்கராஜ் என்று தெரிந்தது. கையை நீட்டினார். "அந்தா, அங்கனதான் இருந்துச்சு."

இடித்துத் தரைமட்டமாக்கி, பிளாட் போட்டுக் கல் ஊன்றியிருந்தார்கள். நடுவில் இருந்த சுவரும் இல்லை. நான் பார்த்துவிட்டுத் திரும்பியபோதும், அவர் நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.