பூட்டிக்கொண்ட லேப்டாப்பும் என் கணவரின் பேச்சும்

அன்பான சகோதர சகோதரிகளே, என் கணவர் சேவியரின் பேச்சு இரண்டு முறை நின்றுபோனது. முதல் முறை, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தபோது. இரண்டாம் முறை, லேப்டாப் கெட்டுப்போனபோது. அந்த இரண்டாவது முறை ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைத்தான் எழுதுகிறேன். லேப்டாப்புக்கெல்லாமா சாட்சி என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். முன்பு என்றால் நானும் சிரித்திருப்பேன்.

எங்களுக்குக் கடலோரத்து ஆலந்தலைதான் ஊர். அவர் வாலிபத்தில் தூத்துக்குடியில் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போனவர். கல்யாணத்துக்குப் பிறகு என் நச்சரிப்பு தாங்காமல் அதை விட்டுவிட்டு, துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கிற வேலையில் சேர்ந்தார். நோய் வந்தபோது கை கால் விழுந்தது, வாயும் அடைத்தது. புத்தி மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. வலது கை ஆள்காட்டி விரல் கொஞ்சம் அசையும். கொஞ்சம் என்றால், பார்த்தால் தெரியாத அளவுக்குக் கொஞ்சம்.

அந்த விரலை நம்பித்தான் ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் அவருடைய பழைய லேப்டாப்பில் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார்கள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது விரலுக்கு அடியில் இருக்கிற பட்டனை அழுத்தினால் அது பதிவாகும். வாக்கியம் முடிந்ததும் லேப்டாப் அதை வாய்விட்டுச் சொல்லும். அவர் விரலின் வேகத்துக்கு அதைப் பழக்கவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. "ஏளா, டீயில சீனி இல்ல" என்று அவர் எழுதுவதை, அது செய்தி வாசிக்கிற குரலில் சொல்லும். கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

போன தவக்காலத்தில் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் தயார், அப்கிரேட் செய்யவா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். இருப்பது நன்றாகத்தானே இருக்கிறது. ஆனால் புதுசு என்றால் அவர் விடமாட்டார். "போடு" என்று லேப்டாப் வாயாலேயே சொல்ல வைத்தார். போட்டேன். பாதியில் கரண்ட் போனது. அதன் பேட்டரியோ செத்து வெகுகாலம்.

கரண்ட் வந்து மறுபடி போட்டபோது நீலத் திரையில் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டது. அவர் எழுத்துகள் எதுவும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு மைனியை அவருக்குத் துணையாக வைத்துவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு காயல்பட்டினத்துக்குப் போனேன். அங்கே ஹமீது தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். துபாயில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். பார்த்துவிட்டு, "டிஸ்க் லாக் ஆயிட்டுக்கா. தொறக்க ஒரு நீள நம்பர் கேக்குது. அது அண்ணனோட மெயில் கணக்குலதான் இருக்கும்" என்றார்.

மெயில் முகவரி அவரோடு வேலை பார்த்த ஒருவரிடம் கிடைத்துவிட்டது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. புதிதாக மாற்றலாம் என்றால், அதற்கான எண் அவருடைய பழைய சிம்முக்குத்தான் போகும். அந்த சிம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்திலேயே செயலிழந்துவிட்டது. "அப்ப எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாத்தான் போடணும்" என்றார் ஹமீது தம்பி. அழித்தால் அவருடைய மென்பொருளும் போய்விடும். அதைப் போட்டுத் தந்த பிள்ளைகள் இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. போன் செய்தாலும் யாரும் எடுக்கவில்லை.

"அழிச்சிராதிய தம்பி. கொஞ்சம் பொறுங்க" என்றேன். எதற்குப் பொறுக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அழிக்காமல் கடையிலேயே வைத்துக்கொண்டார். "நானும் துஆ செய்யுதேன்க்கா" என்று சொல்லி அனுப்பினார்.

கண்ணைச் சிமிட்டச் சொல்லிக் கேட்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவர் இமை தானாகவே துடிக்கும். எது துடிப்பு, எது பதில் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. அந்தப் பட்டனும் அந்த மென்பொருளைத் தவிர வேறெதற்கும் வேலை செய்யாது. நான் கேள்வி கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கஞ்சியை வாயில் வைத்தால் வழிந்தது. மனுசர் உள்ளுக்குள்ளேயே ஒதுங்கிவிட்டார் என்று நினைத்தேன். அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. லேப்டாப் போனால் போகட்டும், இவர் போய்விடக் கூடாதே என்று மாதாவிடம் அழுதேன்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் செபமாலை தவறாது. நோய் வந்ததிலிருந்து மாலையின் ஒரு பாதியை அவர் விரலில் சுற்றிவிட்டு, மறு பாதியை நான் உருட்டுவேன். அவரும் சேர்ந்து சொல்வதாக எனக்கு ஒரு ஆறுதல். அந்த நாட்களில் அதை வழக்கத்தைவிடச் சத்தமாகவும் வேகமாகவும் சொன்னேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. மாதாவுக்கு மூச்சு விடக்கூட இடம் கொடுக்கவில்லை. அவர் விரல் நடுங்குவது மணிகளில் தெரியும். பாவம், நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் தொண்டை கட்டிப்போய்ப் பாதியில் குரல் எழும்பவில்லை. மாலையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது மாலை மெதுவாக ஒரு தடவை இழுபட்டது. பிறகு ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு இழுப்பு. நடுக்கம் என்றால் இப்படி நின்று நிதானித்து வராது.

கல்யாணமான புதிதில் அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சங்கு குளிக்கிறவரால் தண்ணீருக்கு அடியில் பேச முடியாது. கயிறுதான் பேச்சு. அதை இழுக்கிற விதத்தை வைத்து, கீழே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று மேலே வள்ளத்தில் இருப்பவர் தெரிந்துகொள்வார்.

"ஏங்க, நீங்களா இழுக்கிறிய? ஆமான்னா ஒரு தடவ, இல்லன்னா ரெண்டு தடவ" என்றேன்.

ஒரு தடவை இழுத்தார்.

நான் அன்று செபமாலையை முடிக்கவில்லை. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று தெரியும்.

போனில் விஷயத்தைச் சொன்னேன், காலையில் ஹமீது தம்பி லேப்டாப்போடு பைக்கில் வந்துவிட்டார். நான் மாலையைப் பிடித்துக்கொண்டு ஏ, பி, சி என்று வரிசையாகச் சொன்னேன். 'வி' வந்ததும் மாலை இழுபட்டது. மறுபடி முதலிலிருந்து. 'ஏ'. இன்னொரு 'ஏ'. அடுத்து 'ஒய்'. குறித்துக்கொண்டிருந்த ஹமீது தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன தம்பி, தப்பா வருதா?"

"இல்லக்கா. சரியாத்தான் வாருது."

இன்னும் இரண்டு மூன்று எழுத்து வந்ததும் எனக்கும் விளங்கியது. வாயாடி. அதன் பின்னால் எங்கள் கல்யாண வருடம். இத்தனை வருடமாக இந்த மனுசர் தினமும் ஆபீஸில் உட்கார்ந்து இதைத்தான் தட்டியிருக்கிறார். "ஊர்ல வேற பேரே கெடைக்கலையா?" என்றேன். இரண்டு தடவை இழுத்தார். ஹமீது தம்பி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கண்ணீரோடு.

மெயில் திறந்தது, நீள எண் அதில் இருந்தது. அதைப் போட்டதும் பூட்டு விட்டது. பாதியில் நின்ற அப்கிரேடைத் தம்பி ரத்து செய்து, பழைய சிஸ்டத்துக்கே கொண்டுவந்தார். அதற்குள் கரண்ட் போய்விடக் கூடாது என்று கடையிலிருந்து யுபிஎஸ்ஸையும் தூக்கி வந்திருந்தார். மத்தியானம் அவர் எழுத்துகள் திரையில் ஒளிர்ந்தன. "பசிக்கி" என்றது அந்தச் செய்திக் குரல். அன்று அவர் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். நான் முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இப்போது லேப்டாப்பில் புது பேட்டரி இருக்கிறது. மென்பொருளுக்கு நகலும் எடுத்து வைத்திருக்கிறோம். பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம், அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சாட்சி சொல்ல வந்தது இதற்காக மட்டும் அல்ல.

இரண்டு நாள் கழித்து அவரிடம் கேட்டேன், மாலையை இழுக்க வேண்டும் என்று எப்போது தோன்றியது என்று. அவர் வெகுநேரம் எழுதினார். முன்பெல்லாம் பாதி வார்த்தையிலேயே மீதியை நான் சொல்லி முடித்துவிடுவேன். அன்று வாயைத் திறக்காமல் இருந்தேன்.

"கெட்டுப்போன அன்னைக்கே இழுத்தேன். தெனமும் இழுத்தேன். நீ செபத்த நிறுத்தவே இல்ல."

சகோதர சகோதரிகளே, நான் கேட்டதை ஆண்டவர் முதல் நாளே கொடுத்துவிட்டார். அது என் கையிலேயே இருந்தது. ஆண்டவர் கேட்கவில்லையே என்று நான்தான் அழுதுகொண்டிருந்தேன். இப்போதும் நான் வாயாடிதான், அது மாறாது. ஆனால் செபம் சொல்லி முடித்ததும் எழுந்து போகாமல் என் கணவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஏதாவது பூட்டிக்கிடக்கலாம். ஆண்டவரை நம்பி, தயங்காமல் கேளுங்கள். கேட்ட பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.