காஸ்மோஸ் கொழுந்து

நேற்றுச் சாப்பாட்டுக் கடையில் பச்சையாகவே தின்னும் உலாம் ராஜாக் கீரையை மிளகாய்ச் சம்பாலில் தொட்டு வாயில் வைத்தபோது, மாங்காய்த் தோலைக் கிள்ளியது போன்ற அதன் மணம், இன்று கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையாகிவிட்ட எங்கள் மலாக்கா காஜா பெராங் வீட்டின் வெயில் கொல்லைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிற வருடம். பள்ளிக்கூடத்துச் சுதந்திர விழா மேடைக்குத் தானே பூக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த அக்கா, மஞ்சள் காஸ்மோஸ் விதை போட்டு, அரிசி கழுவின தண்ணீர் ஊற்றி, பல் விளக்கும் முன்பே செடிகளைப் போய்ப் பார்ப்பாள். அந்த இலையும் உலாம் ராஜா இலையும் ஒரே சாயல். ஒரு மத்தியானம் நான் கொழுந்தையெல்லாம் கிள்ளிச் சோற்றோடு தின்றுவிட்டேன்.

"எதுடா மேஞ்சது?" என்று அக்கா அலறினாள்.

"பிபிக் வீட்டு ஆடுக்கா."

பிபிக் என்று நாங்கள் கூப்பிட்டது அடுத்த வீட்டு மலாக்காச் செட்டிக் குடும்பத்து அம்மாளை; தலைமுறை தலைமுறையாய் மலாய் பேசுகிறவர்கள், தமிழ் தெரியாது. அக்கா மலாயில் பொரிந்து தள்ளியதும், "அலாமாக்!" என்று தலையில் கைவைத்தவர், ஆட்டைக் கட்டிப்போட்டார், விற்றுவிடுவதாகவும் சொன்னார். அது கத்தக் கத்த எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாளில், கிள்ளிய இடத்திலெல்லாம் செடி இரண்டாகக் கிளைத்தது. மொட்டும் இரண்டு மடங்கு. கொல்லை முழுக்க மஞ்சள்.

"மேஞ்சாதான் பூக்கும் போலடா!" என்று சிரித்த அக்கா, விற்க வேண்டாமென்று பிபிக்கிடம் கெஞ்சி, தானே கயிற்றை அவிழ்த்து, ஆட்டுக்கு ஒரு வாழைப்பழமும் ஊட்டினாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஆடு என்னை உரசிக்கொண்டு ஓடிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.