அம்மாவுக்கு இரண்டு தடவை போன் எடுத்த நாள்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா, மருந்தடித்த மலையில் கை எரிகிறது என்றபோதுதான் கொழுந்தைச் சோதிக்கும் யோசனை வந்தது. அந்த மருந்தில் செம்பு உண்டு. ஆய்வுகூடத்தில் நான் செய்யும், யூரோப்பியம் என்ற உலோகம் சேர்ந்த சேர்மம் புறஊதா விளக்கின் கீழ் சிவப்பாக ஒளிரும். அதிலுள்ள கந்தகம் செம்பைப் பிடித்தால் ஒளி மங்கிவிடும்.

அந்த மலையிலிருந்து கொண்டுவந்த கொழுந்தை ஸ்பிரிட்டில் அரைத்து, சேர்மத்தை விட்டு, விளக்கைப் போட்டேன். சிவப்பு மங்கவேயில்லை. செம்பு இல்லை! உடனே போன் எடுத்தேன்.

“அப்ப நாளைக்கு அந்த மலையில பறிக்கலாமா தம்பி?”

“தாராளமா பறிங்கம்மா.”

பக்கத்து மேசையில் வேலைசெய்யும் யாழ்ப்பாணத்துச் சுகந்தி நிமிர்ந்தாள். “சேர்மம் விடாமல் வெறும் இலைச்சாற்றைப் பார்த்தனீரோ, விஞ்ஞானி ஐயா?”

பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். அதுவும் சிவப்பாகவே ஒளிர்ந்தது. பச்சையம் அந்த விளக்கில் தானாகவே சிவக்கும்; சேர்மம் மங்கியிருந்தாலும் அது மறைத்திருக்கும். படித்ததுதான், சந்தோஷத்தில் மறந்துபோனது.

“ஓம், இனித் திருப்பிப் போனை எடும்.”

எடுத்தேன். “எனக்கு இன்னும் தெரியாதும்மா. நாளைக்குப் போகாதீங்க.”

“போகாட்டி பேர் போடமாட்டாங்க, அன்னைக்குச் சம்பளம் இல்ல. துணியச் சுத்திக்கிட்டுப் பறிக்கிறேன்” என்றவர் சிரித்தார். “தெரியாதுன்னு சொல்லவா இவ்வளவு படிச்ச?”

அதைச் சொல்லத்தான் அன்று படித்தேன் என்று தோன்றுகிறது.

இனி இலையை அரைக்கமாட்டேன். கையை எரிப்பது இலையின் மேலே ஒட்டியிருப்பதுதானே? இலை கழுவிய தண்ணீரில் பார்க்கப்போகிறேன். விளக்கின் கீழ் முதலில் வைப்பது, சேர்மம் விடாத குழாயை.