ரோட்டில் நின்று பார்த்த மலை

1. கம்பு கைக்கு வந்த நாள்

இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தேன். கடைசி ஆறு வருடம், கொழுந்தெடுப்பவர்களை மேற்பார்க்கும் பெண் கங்காணி. இப்போது ஓய்வு. புதிதாகக் கங்காணிக் கம்பு பிடிக்கும் தங்கச்சிமார் கேட்கிறார்கள் என்பதற்காக இதை எழுதுகிறேன். பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் காலைப் பெரட்டில் எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுத்த பிறகு, தோட்ட வேலைக்குப் பொறுப்பான கண்டாக்கு ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எஸ்தரம்மா, பொம்பளையாளுங்க மலைக்குள்ள எறங்குறதுக்கு முன்ன நீங்க நெரை நெரையா நடந்து பாக்கணும். செடிக்கு அடியில பாருங்க, கான் ஓரத்துல பாருங்க, மரத்த அண்ணாந்து பாருங்க. குளவிக்கூடு இருந்தா ஒருத்தரையும் எறக்கக்கூடாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்கையா" என்றேன். குளவி என்ற பேரைக் கேட்டதுமே பழசு ஞாபகம் வந்துவிட்டது.

தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலைப் பரப்பையும் மலை என்றும், மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலைக் கான் என்றும்தான் சொல்வோம். அதற்குப் பல வருடம் முன்னால், பன்னிரண்டாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. என் பக்கத்து நிரையில் பாக்கியம் அக்கா விழுந்தார். "எஸ்தரு, எஸ்தரு" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். அக்கா வீடு திரும்பவில்லை.

அன்றிலிருந்து மிக்சி சத்தம் கேட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப்போடும். ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது நான் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2. சுருக்குவழி

முதல் நான்கைந்து மாதம் ஒழுங்காக நடந்தேன். வியர்த்து ஊற்றும், வாய் உலர்ந்துபோகும், ஆனாலும் நடந்தேன். ஒருநாள் பன்னிரண்டாம் நம்பர் மலை என்றார்கள். மூட்டம் இறங்கி நாலு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் ரோட்டிலேயே நின்றேன். கால் எடுத்து வைக்க முடியவில்லை. கண்ணை மூடி, "ஆண்டவரே, குளவி கிளவி இருந்தா நீங்களே வெரட்டி விட்ருங்க" என்று கேட்டேன். கண்ணைத் திறந்து, பின்னால் வந்துசேர்ந்த பெண்களிடம், "பாத்தாச்சு, எறங்குங்க" என்றேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் நடக்கவில்லை. அதன்பிறகு எல்லா மலைக்கும் அதே பழக்கம்.

மனச்சாட்சி உறுத்தாமல் இல்லை. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். ஆண்டவரிடம் ஒப்படைத்த பிறகு போய்ப் பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது ஆகாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்துக்கு விசுவாசம் என்று பேர் வைத்துக் கும்பிட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். மலைக்குப் போகும் வழியில் இருக்கும் மாடசாமிக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். நான் முன்னமே உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன் என்று நம்பி, ஜெபித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்து நிற்பார்கள். முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது "பொலி, பொலி" என்று விளைச்சல் பெருகக் குரல் கொடுப்பது லெச்சுமி. என்னைவிடப் பத்து வயது இளையவள். வாய்த்துடுக்கு.

"நம்ம கங்காணியம்மா ஒரு நிமிசம் கண்ண மூடுனா மலையே சுத்தமாயிருது. நம்ம மாடசாமிக்கு இந்த வேகம் இல்லயே" என்பாள்.

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

3. பன்னிரண்டாம் நம்பர்

அன்றும் ரோட்டில் நின்றே கண்ணை மூடித் திறந்தேன். லெச்சுமி கான் ஓரத்து நிரையைப் பிடித்துக்கொண்டு பொலி சொன்னாள். அரைக் கூடை நிறைந்திருக்காது. "குளவி! குளவி!" என்று அலறல். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஏறினார்கள். அவர்களோடு நானும் வளைவுவரை ஓடினேன். கங்காணி நான் ஓடினேன்.

வளைவில் தலையை எண்ணினேன். ஒன்று குறைந்தது.

கீழே கானுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "எஸ்தரு! எஸ்தரு!"

கங்காணியம்மா என்று கூப்பிடுகிற லெச்சுமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பாக்கியம் அக்காவின் குரலும் அதுவும் எனக்கு ஒன்றாகவே கேட்டது. அந்த நேரத்தில் குளவியை விரட்டச் சொல்லி ஆண்டவரைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. "நான் போறேன். நீங்க கூட வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த சாக்கைப் படங்கு என்போம். இரண்டு பேரிடம் படங்கை அவிழ்த்து வாங்கித் தலையில் போர்த்திக்கொண்டு இறங்கினேன். லெச்சுமியின் படங்குக் கயிறு தேயிலைச் செடியின் வாதில் மாட்டி, அவள் கானுக்குள் குப்புறக் கிடந்தாள். கயிற்றை அறுக்க நேரமில்லை. அவள்மேல் படங்கைப் போட்டு, நானும் அவள்மேலேயே படுத்து மூடிக்கொண்டேன். கழுத்திலும் கையிலும் கொட்டியது. நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது.

என் உடம்பு உதறி எடுத்தது.

"ஆடாதீங்க கங்காணியம்மா" என்று கீழிருந்து லெச்சுமி முனகினாள். "நீங்க ஆடுற ஆட்டத்துல இன்னும் நாலு வரும். ஜெபம் பண்ணுங்க."

"பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சத்தம் போடாம பண்ணுங்க."

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது என் முதுகிலேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் எழுந்து ஓடவேண்டும் என்ற எண்ணம் மட்டும் வரவில்லை. ஆண்டவர் எங்கள் இரண்டு பேரோடும் அந்தச் சேற்றுக் கானுக்குள் இருந்தார். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. லெச்சுமியின் விரலைப் பிடித்துக்கொண்டேன். ஆம்பிளையாட்கள் புகை போட்டுக்கொண்டு வந்து எங்களைத் தூக்கும்வரை அசையவில்லை.

4. பக்கத்துக் கட்டில்

ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். லெச்சுமியின் முகம் வீங்கிக் கண் தெரியவில்லை. பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். எனக்குப் படுத்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

கண்டாக்கு ஐயா வந்தார். "காலையில பாக்கும்போது கூடு கண்ணுல படலயா எஸ்தரம்மா? மூட்டத்துல மறைஞ்சிருக்கும், என்ன?"

பதிலை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமாங்கையா என்றால் முடிந்தது. வேலையும் இருக்கும், மகராசி என்ற பேரும் இருக்கும். லெச்சுமி தலையை என் பக்கம் திருப்பினாள்.

குளவிக்குள் இறங்கியபோது இருந்ததைவிட அப்போது பயமாக இருந்தது. மறுபடியும் மனதுக்குள், "கூட வாங்க" என்றேன்.

"நான் பாக்கலைங்கையா. உள்ளுக்குப் போகவே இல்ல. ரோட்டுல நின்னு ஜெபம் பண்ணிட்டு, பாத்தாச்சுன்னு பொய் சொன்னேன். ரொம்ப நாளா அப்படித்தான் செஞ்சேன்."

லெச்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீட்டுக்கு விடும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டின இடமெல்லாம் ஆறியது, அது ஆறவில்லை.

5. ஒரு கேள்வி

கம்பை வாங்கிக்கொண்டார்கள். கூடையோடு நிரைக்குப் போனேன். அது நியாயம். இரண்டு மாதம் கழித்துப் பெரட்டில் புதுக் கங்காணியைப் பற்றிப் பேச்சு வந்தபோது லெச்சுமி முன்னால் வந்தாள்.

"எஸ்தரம்மாவே வரட்டுங்கையா. வேற யாராச்சும் வந்தா பாத்தேன்னுதான் சொல்லுவாங்க. இவங்க பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லுவாங்க."

கம்பு திரும்பக் கிடைத்த அன்று முதல் மலையே பன்னிரண்டாம் நம்பர். கண்ணை மூடினேன். ஜெபித்தேன். பிறகு கம்பை ஊன்றி உள்ளே இறங்கினேன். ஒவ்வொரு நிரையாக, செடிக்கு அடியில், கான் ஓரத்தில், மரத்தை அண்ணாந்து. நடுக்கத்தோடேயே நடந்து முடித்து ரோட்டுக்கு ஏறினேன். லெச்சுமி கூடையைத் தலையில் மாட்டாமல் நின்றாள்.

"நடந்தீங்களா?"

"நடந்தேன்."

அதற்குப் பிறகுதான் இறங்கிப் பொலி சொன்னாள். நான் ஓய்வு பெற்ற நாள்வரை, ஒரு காலை தவறாமல், அந்தக் கேள்வியைக் கேட்டாள். தங்கச்சிமார்களே, ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு நடங்கள். ஆண்டவர் உங்களோடு மலைக்குள் வருவார். உங்களுக்குப் பதிலாக அவரை மட்டும் அனுப்பிவிட்டு ரோட்டில் நிற்காதீர்கள்.

கடைசி நாள் அவள் கேட்கும்முன் நானே சொன்னேன். "நடந்தேன் லெச்சுமி."

"தெரியும்" என்றாள். "இருந்தாலும் கேக்கணும்ல."